அண்மையும் உண்மையும்

ஒன்றை நன்கு அறிய வேண்டுமாயின் அதன் அருகே செல்ல வேண்டும் என்பது நம்மிடையே வினா எழுப்பாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்ட கருத்து. ‘நெருங்கிப் பழகினால்தான் ஆளைத் தெரியும்’ என்கிறோம். ‘தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்னும் பழமொழியும் தொலைவை நம்பாதே என்றே எச்சரிக்கிறது. ஆய்வாளர் நுண்ணோக்கியை நாடுகிறார். வழக்குமன்றம் சாட்சியைக் கூண்டில் ஏற்றித் துருவித் துருவி வினவுகிறது. ஆசிரியர் ஐயத்திற்குரிய விடைத்தாளைக் கண்ணருகே கொண்டு போகிறார். அண்மை மிகுந்தோறும் உண்மையும் மிகும் என்பது இவர்கள் அனைவருக்கும் பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது? அருகிருந்து பார்ப்பவன், தான் பார்க்கும் பொருளுக்கு நீதி செய்கிறானா?

இதனை வெறும் தத்துவ வினாவாக வைத்துக்கொண்டு வாதிடத் தொடங்கினால் சொற்கள் வளருமே ஒழிய வழி பிறவாது. அளவுகோல் கொண்டு அளக்கக்கூடிய ஒரு துறையில் இதனை வைத்துப் பார்ப்பது நலம். பூச்சி, மகரந்தம், விதை, செதில் முதலான சிறு பொருள்களை மிக அருகிலிருந்து பெரிதாக்கி நிழற்படம் எடுக்கும் கலை அத்தகையது. மேக்ரோ படக்கலை என்று அதனைக் கூறுவர். நாம் அண்மைப் படக்கலை என்று வைத்துக்கொள்வோம். இன்று கைப்பேசிகளிலேயே அதற்கென ஒரு வசதி வந்துவிட்டபடியால் மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. நாம் அறிந்துகொள்ள வேண்டியது அதன் உள்ளே நடக்கும் கொடுக்கல் வாங்கல்.

படக்கருவியினுள் ஒளி வந்து விழும் பரப்பில் ஒரு பொருளின் உருவம் எவ்வளவு நீளம் இருக்கிறதோ, அதனை அப்பொருளின் உண்மையான நீளத்தால் வகுத்தால் வருவது உருப்பெருக்கம். 10 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் எறும்பு அப்பரப்பிலும் 10 மில்லிமீட்டராகவே விழுமானால் உருப்பெருக்கம் 1. இதனை மெய்யளவு எனலாம். பழைய 35 மில்லிமீட்டர் படச்சுருளின் ஒரு சட்டமும், அதன் வழிவந்த இன்றைய முழுச்சட்ட உணரியும் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டவை. ஆகவே, மெய்யளவில் படம் எடுக்கும்போது சட்டம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும் உலகம் ஓர் அஞ்சல்தலையின் அளவே.

அந்தச் சிறிய உலகமாவது முழுமையாகத் தெளிந்து நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. எந்த வில்லையும் ஒரே ஒரு தளத்தைத்தான் சரியான கூர்மையுடன் காட்டும். அத்தளத்திற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் உள்ளவை, நம் கண் குறை காணாத அளவுக்குத் தெளிவாக இருக்கும். தெளிவாகத் தோன்றும் அந்தத் தூரத்தைப் புல ஆழம் என்று அறிவியல் தமிழில் வழங்குவர். ஒரு மலையையோ மண்டபத்தையோ எடுக்கும்போது புல ஆழம் பல மீட்டர் இருக்கும்; அப்படி ஒன்று உண்டு என்ற எண்ணமே நமக்கு எழாது. அருகே செல்லச் செல்லத்தான் அது தன் முகத்தைக் காட்டுகிறது. முழுச்சட்ட உணரியில், எஃப் 8 என்னும் நடுத்தரத் துளையை வைத்து, வழக்கமான தெளிவு அளவையைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். உருப்பெருக்கம் பத்தில் ஒன்றாக இருக்கும்போது புல ஆழம் ஏறத்தாழ 5 செண்டிமீட்டர். பாதியளவில் அது 3 மில்லிமீட்டருக்குள் ஒடுங்குகிறது. மெய்யளவில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இரு மடங்கில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து மடங்கிலோ, சற்றுத் தடித்த தலைமயிரின் பருமனே எஞ்சுகிறது. உருவம் பெருகும் வேகத்தைக் காட்டிலும் தெளிவு குறையும் வேகம் மிகுதி என்பதை இக்கணக்கில் கவனிக்க வேண்டும். பத்தில் ஒன்றிலிருந்து மெய்யளவுக்கு வரும்போது உருவம் 10 மடங்கு பெரிதாகிறது. தெளிவின் பருமனோ 50 மடங்குக்கு மேல் மெலிந்துவிடுகிறது.

துளையைச் சிறிதாக்கினால் புல ஆழம் கூடுமே என்று படம் எடுக்கப் பழகியவர்கள் கேட்பார்கள். கூடும்; ஆனால் அதற்கு இரண்டு விதமாக விலை கொடுக்க வேண்டும். முதலாவது, ஒளி குறையும். மெய்யளவிற்கு வில்லையை முன்னே நீட்டியபோதே உணரியில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிட்டது. எஃப் 8 என்று நாம் வைத்தது எஃப் 16 போல் வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவது, ஒளி அலையாக இயங்குவது. சிறு துளையின் ஓரத்தில் உராய்ந்து செல்லும் ஒளி விரிந்து பரவும். பாடநூல்கள் இதனை விளிம்பு விளைவு என்று கூறும். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளியும் புள்ளியாகச் சென்று விழாமல் ஒரு சிறு வட்டமாகவே விழும் என்பதை ஜார்ஜ் பிடெல் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1835-இல் கணக்கிட்டுக் காட்டினார். துளை சிறுக்கச் சிறுக்க அவ்வட்டம் பெருக்கும். ஆகவே, ஆழத்தைக் கூட்டும் ஆசையில் துளையை ஊசிக்கண் அளவிற்குச் சுருக்கினால் முன்னும் பின்னும் ஒரே சீராகத் தெரியும்; ஒரே சீராக மங்கியும் தெரியும். எல்லாவற்றையும் சமமாகக் காட்ட முனைந்து எதனையும் சரியாகக் காட்டாத நிலை அது. நம்முடைய சில பாடநூல்களும் ஏறக்குறைய அந்தத் துளையின் வழியாக எழுதப்பட்டவையே.

இத்தனை கணக்கும் எதற்கு என்றால், அண்மைப் பார்வை நமக்கு ஒன்றைத் தரும்போது மற்றொன்றை எடுத்துக்கொள்கிறது என்பதைக் காட்டத்தான். கருவி செய்பவரின் திறமைக் குறைவு என்று இதனைத் தள்ளிவிட முடியாது. ஒளியின் இயல்பிலேயே அமைந்த கணக்கு இது.

இனி, நம் நாட்டு மாமரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பை எடுத்துக்கொள்வோம். கெரெங்கா என்றால்தான் இங்குப் பலருக்கும் விளங்கும். பழம் பறிக்க ஏறியவர்கள் அதன் கடியை மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் செந்நிற எறும்புகளின் வரிசைக்கு அருகே, அவற்றைப் போலவே மெலிந்த இடையும் அவற்றைப் போலவே நீண்ட கால்களும் உடைய ஓர் உயிர் ஓடித் திரிவதுண்டு. இரண்டடித் தொலைவிலிருந்து பார்ப்பவர் அதனையும் எறும்பு என்றே எண்ணுவார். மெய்யளவில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் உண்மை வெளியாகும். கால்கள் ஆறல்ல, எட்டு. உணர்கொம்பு என்று தோன்றியவை தூக்கிப் பிடித்த முன்னங்கால்கள். முகத்தில் இரண்டு பெரிய கண்கள் விளக்குப்போல் நம்மை நோக்குகின்றன. அது தாவும் சிலந்தி இனத்தைச் சேர்ந்தது. எறும்பு வேடம் புனைந்த சிலந்தி.

இந்த இடத்தில் அண்மை வென்றுவிட்டது என்று சொல்லத் தோன்றும். தொலைவு ஏமாற்றியது, அண்மை வேடத்தைக் கலைத்தது. ஆயினும் அந்தப் படத்தையே இன்னும் சிறிது நேரம் பாருங்கள். கண்கள் கூர்மையாக உள்ளன; அவற்றிற்குப் பின்னால் உடல் மங்கத் தொடங்கி, இலை பச்சைப் புகையாகக் கரைந்துவிட்டது. அந்த இலையின் மறுபுறத்தில் முசுறுகளின் வரிசை போய்க்கொண்டிருந்தது. படத்தில் அது இல்லை. அது இல்லாததனால், அந்தச் சிலந்தி ஏன் இப்படி ஓர் உருவத்தைப் பெற்றது என்பதற்கான விடையும் இல்லை. எறும்பைக் கண்டால் ஒதுங்கிச் செல்லும் பகைகளிடமிருந்து தப்புவதற்காக இயற்கை அதற்கு அளித்த வடிவம் அது. ஆண் சிலந்திக்கு முகத்தின் முன் நீண்டிருக்கும் பெரிய தாடைகளும், ஓர் எறும்பு வேறோர் எறும்பைத் தூக்கிச் செல்வது போன்ற தோற்றத்தைத் தருகின்றன. ‘இது எறும்பன்று, சிலந்தி’ என்பதை அண்மை சொல்லிற்று. ‘ஏன் எறும்பைப் போல் இருக்கிறது’ என்பதைத் தொலைவு மட்டுமே சொல்லக்கூடும். வேடத்தைக் கலைத்துவிட்டு, வேடம் புனைய வேண்டிய நிலையைக் காட்டாமல் விட்ட படம் உண்மையா, அரை உண்மையா?

நான் அதனைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு படத்தை மட்டும் கண்டவர் அச்சிலந்தியை ஏமாற்றுக்காரன் என்று எண்ணுவதற்கு இடம் இருக்கிறது. இங்குதான் ஒளியியல் கணக்காக இருந்தது அறக் கேள்வியாக மாறுகிறது. புல ஆழம் 1 மில்லிமீட்டர்தான் என்றால், எந்த 1 மில்லிமீட்டர் என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பூச்சியின் கண்ணையே தெளிவாக்க வேண்டும் என்பது இக்கலையில் எழுதப்படாத விதி. கண் தெளிந்தால் பார்ப்பவர் மனம் நிறைவடைகிறது. கொடுக்கு மங்கினால் யாரும் கேட்பதில்லை. படம் எடுப்பவர் எதைத் தெளிவாக்குகிறாரோ அதற்குப் பொறுப்பாளி என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். எதை மங்க விட்டாரோ அதற்கும் அவர் பொறுப்பாளிதானா?

பனிக்கட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் மட்டும் கண்ட நமக்குச் சற்றுத் தொலைவான ஒரு வரலாறு இதற்கு உதவும். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், ஜெரிக்கோ என்னும் சிற்றூரில், வில்சன் பெண்ட்லி என்ற உழவர் வாழ்ந்தார். நுண்ணோக்கியையும் படக்கருவியையும் இணைத்து, வானிலிருந்து விழும் பனித்துகளின் படிகத்தை அது உருகுமுன் படம் பிடிக்க அவர் முயன்றார். 1885-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் முதன்முதலாக வெற்றி பெற்றார். 1931-இல் மறையும்வரை 5,000-க்கும் மேற்பட்ட படிகங்களைப் படமாக்கினார். ஆறு கிளைகளும் அச்சில் வார்த்தாற்போல ஒத்து நிற்கும் அப்படங்கள் உலகை வியக்க வைத்தன. ஆனால் அவர் இரண்டு செயல்களைச் செய்தார். எண்ணற்ற துகள்களுள் குறையற்றவற்றைத் தேடித் தேர்ந்தார். பிறகு, எடுத்த படத்தின் எதிர்ப்பிரதியில் படிகத்தைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்து, பின்புலம் கருமையாக விழும்படி செய்தார். செர்மானிய வானிலை அறிஞர் குஸ்தாவ் ஹெல்மன் இதனைக் கடிந்தார். அவருக்காக ரிச்சர்டு நாய்ஹவுஸ் எடுத்த படங்களில் முறிந்த கிளையும் கோணல் வடிவமும் கொண்ட படிகங்களே மலிந்திருந்தன. பனியின் உண்மையான முகம் எது? குறையற்ற படிகம் அரிது என்பதை இன்று அறிவியல் ஒப்புக்கொள்கிறது. பெண்ட்லி காட்டிய படிகங்களும் வானிலிருந்து விழுந்தவையே. அவர் ஒன்றையும் வரைந்து சேர்க்கவில்லை. இருந்தும், அவருடைய படங்களை மட்டும் பார்த்து வளர்ந்த தலைமுறை, பனித்துகள் அனைத்தும் அப்படியே இருக்கும் என்று நம்பிற்று. அவர் கைக்கத்தி சுரண்டியது பூச்சைத்தான் என்றாலும், அத்துடன் கோணற் படிகங்களும் நம் கண்ணிலிருந்து போய்விட்டன. அவருடைய அழகுணர்ச்சியை நான் மதிக்கிறேன். வாதத்தில் ஹெல்மனின் பக்கமே நிற்கிறேன்.

புல ஆழத்தின் குறுமையை வெல்வதற்கு இன்று ஒரு வழி கண்டிருக்கிறார்கள். குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் கணினியால் பிரித்தெடுத்து, அடுக்கி ஒரே படமாக்கிவிடுவது அம்முறை. 2016-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் லெவன் பிஸ் என்ற படக்கலைஞர் வைத்த பூச்சிப் படங்கள் இம்முறைக்குப் புகழ் தேடித் தந்தன. ஒவ்வொரு படமும் 8,000-க்கும் மேற்பட்ட தனிப் படங்களின் சேர்க்கை. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள வண்டு ஆளுயரத்திற்கும் மேலாகச் சுவரில் நின்றது. கொம்பின் நுனி முதல் பின்னங்காலின் நகம் வரை மங்கல் என்பதே இல்லை.

எந்தக் கண்ணும் எந்த வில்லையும் ஒரு போதும் ஒரே பார்வையில் கண்டிராத காட்சி அது. அதனால் அது பொய்யாகிவிடுமா? 1665-இல் ‘மைக்ரோகிராஃபியா’ என்ற நூலை வெளியிட்ட இராபர்ட் ஹூக் இதற்கு ஒரு வகையில் விடை சொல்லியிருக்கிறார். ஈயின் கண் ஓர் ஒளியில் துளையிட்ட சல்லடையாகவும், வெயிலில் பொன் ஆணி அடித்த பரப்பாகவும், வேறு நிலையில் கூம்புகளாகவும் தோன்றுவதைக் கண்டு அவர் திகைத்தார். பல ஒளியில், பல கோணத்தில் திருப்பித் திருப்பி ஆராய்ந்து உண்மை வடிவத்தை உணர்ந்த பின்னரே வரையத் தொடங்குவதாக முன்னுரையில் அறிவித்தார். அவருடைய ஓவியமும் ஓர் அடுக்குப் படமே. அடுக்கியது கணினியன்று, அவருடைய அறிவு. எப்படிச் செய்தேன் என்பதை மறைக்காமல் சொன்னார். ஆக்ஸ்போர்டில் காட்சிக்கு வைத்தவரும் எத்தனை படங்களைச் சேர்த்தேன் என்பதை மறைக்கவில்லை. வியப்பே அதில்தான் இருந்தது. சேர்ப்பதில் குற்றமில்லை. சேர்த்ததை ஒரே பார்வையாகக் காட்டி, ‘நான் கண்டது இதுவே’ என்று சாதிக்கும்போதுதான் பொய் நுழைகிறது.

ஆனால் அடுக்கு முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. படமாகும் பொருள் அசையக் கூடாது. அருங்காட்சியகத்தின் பூச்சிகள் என்றோ இறந்தவை. அவற்றிற்கு அது இடரன்று. 1965-இல் விற்பனைக்கு வந்த ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி, ஒளி நுண்ணோக்கியால் கனவிலும் காட்ட முடியாத புல ஆழத்தைத் தரவல்லது. எறும்பின் முகம் மலைமுகடுபோல் தெளிந்து நிற்கும் அந்தக் கருப்பு வெள்ளைப் படங்களை நாம் அறிவியல் நூல்களில் பார்க்கிறோம். பொதுவாக அதற்குள் வைக்கப்படும் எறும்பை உலர்த்தி, மெல்லிய பொன்முலாம் பூசி, காற்றை வெளியேற்றிய அறையில் வைப்பார்கள். தெளிவுக்காகப் பொன்னாடை போர்த்தப்பட்ட பிணம் அது. அறிவியலுக்கு அது தேவையாக இருக்கலாம். உயிருள்ள பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விறைக்கச் செய்து, பூவின்மேல் உட்கார வைத்துப் படம் எடுத்துவிட்டு, காட்டில் கண்டதாகப் பெயர் வாங்கும் வழக்கத்திற்கு அந்தத் தேவையும் இல்லை. விடியற்பொழுதில் பனித்துளி காயுமுன் எழுந்து சென்று, மூச்சை அடக்கி, தன் உடலையே இம்மி இம்மியாக முன்னும் பின்னும் அசைத்துக் குவியம் தேடி, நூறு படத்தில் ஒன்று தேறினால் மகிழும் கலைஞர்களும் இருக்கிறார்கள். மெய்யளவில் படம் எடுப்பவருடைய வில்லைக்கும் பூச்சிக்கும் இடையே பெரும்பாலும் ஒரு சாண்கூட இருப்பதில்லை. அவர் நிழலே அதன்மேல் விழுந்து அதனை விரட்டிவிடும். அருகே செல்வது பார்க்கப்படும் பொருளையே மாற்றிவிடுகிறது என்பதை இவர்கள் தினமும் அனுபவிக்கிறார்கள். இவர்கள் எடுத்த படங்களில் மங்கல் மிகுதி. எனக்கு அவையே பிடிக்கின்றன.

தமிழ் படிப்பிக்கும் நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இத்துறையின் வரலாற்றில் உண்டு. நுண்பொருள் படக்கலையில் பேர்பெற்ற மைக்ரோ நிக்கோர் வில்லை சப்பானில் 1956-இல் வெளிவந்தபோது பூச்சிக்காகப் பிறக்கவில்லை, எழுத்துக்காகப் பிறந்தது. ஆவணங்களைச் சிறு படச்சுருளில் பதியும்போது, கோடுகள் நெருங்கிய சப்பானியர்களின் காஞ்சி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரைந்துபோயின. அவற்றைக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டுவதற்கே அவ்வில்லை வடிவமைக்கப்பட்டது. அவர்களுக்கு நேர்ந்த இடரைக் கூர்மையான வில்லை தீர்த்தது. நம் ஓலைச்சுவடிகளின் இடர் வேறு வகை. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எகரம் குறிலா நெடிலா என்பதைக் காட்டும் குறியும் இராது. ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் அங்கே ஒரே தோற்றம். நெருப்பா நீரா என்று தெரிந்துகொள்ள அந்த எழுத்தை 5 மடங்கு பெரிதாக்கினாலும் 50 மடங்கு பெரிதாக்கினாலும் பயன் இல்லை. எழுத்தாணி கீறிய பள்ளம்தான் பெரிதாகும். முன்னுள்ள சொல்லும் பின்னுள்ள சொல்லும், எதுகையும் பொருளும், அந்நூலாசிரியர் வேறோரிடத்தில் கூறியதும் சேர்ந்துதான் அதனைத் தெளிவிக்க வேண்டும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் இத்தகைய எழுத்துகளோடுதான் போராடினார். அவருடைய கண் கூர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பதிப்பைத் தந்தது பல சுவடிகளை ஒப்பிட்டதும் சமண நெறியைக் கற்றறிந்தவர்களைத் தேடிச் சென்றதும்தான்.

எழுத்துக்குச் சுற்றுப்புறம் தேவைப்படுவதுபோல் எழுத்தைப் படிக்க வரும் பிள்ளைக்கும் அது தேவை. பள்ளிகளில் நாம் நாள்தோறும் அண்மைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு மாணவன் வகுப்பில் உறங்குகிறான். அந்த உறக்கத்தின்மீது குவியத்தை வைத்தால் அது மிகத் தெளிவாகத் தெரியும்: இத்தனை மணிக்கு, இன்ன பாடவேளையில், மேசைமேல் தலை கவிழ்த்து. ஒழுங்குப் பதிவேட்டில் அது ஒரு வரியாக ஏறும். அவ்வரியில் பொய் ஒன்றும் இல்லை. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து தாயுடன் நாசி லெமாக் பொட்டலம் கட்டிவிட்டு அவன் பள்ளிக்கு வருவது அந்த வரியின் புல ஆழத்திற்கு வெளியே இருக்கிறது. பதிவேடு அடுத்த பள்ளிக்குச் செல்லும், பொட்டலம் செல்லாது. ஆறாண்டு கற்றதை ஒரு சில தாள்களில் பெரிதாக்கிக் காட்டிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988-இல் தொடங்கி 2021-இல் நீக்கப்பட்டது. தேர்வு போய்விட்டது, ஒரு தாளை வைத்து ஒரு பிள்ளையை அளக்கும் பழக்கம் நம் வீடுகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் எட்ட நின்றே பார்ப்போம் என்று ஒருவர் சொல்லலாம். அது இதனினும் தீது. ‘தோட்டத்துப் பிள்ளைகள் அப்படித்தான்’, ‘அந்தக் குடும்பமே அப்படித்தான்’ என்பன எட்ட நின்று எடுத்த படங்கள். அவற்றில் எல்லாம் தெளிவாகவே தெரிகின்றன, எவரும் தெரிவதில்லை. வரிசையில் ஓடும் அனைத்தும் எறும்பாகத் தோன்றும் தொலைவு அது. ஆசிரியன் அருகே செல்லத்தான் வேண்டும். அருகே சென்றவன் தன் பார்வையின் பருமன் எவ்வளவு மெல்லியது என்பதை அறிந்திருக்கிறானா என்பதே என் கேள்வி. பதிவேட்டில் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில், ‘இதற்கு அப்பால் நான் பார்க்கவில்லை’ என்று எழுதுவதற்கு ஒரு கட்டம் இல்லை. இருந்தால் எத்தனை பேர் அதனை நிரப்புவோம் என்பதும் ஐயமே.

மங்கலைக் குறை என்றே கருதிப் பழகிவிட்டோம். அது குறைதானா என்பதை ஒரு சிலந்தியிடம் கேட்கலாம். தாவும் சிலந்திக்கு 8 கண்கள். முகத்தின் நடுவே உள்ள இரண்டு பெரிய கண்கள் மிகக் கூர்மையானவை. ஆனால் அவை ஒரு நேரத்தில் காண்பது மிகக் குறுகிய ஒரு கீற்றை மட்டுமே. பக்கத்திலுள்ள சிறு கண்கள் சுற்றுப்புறம் முழுவதையும் மங்கலாகக் கண்டு, எங்கே எது அசைகிறது என்பதைச் சொல்லும். சொன்ன திசைக்குச் சிலந்தி திரும்பும். பிறகுதான் பெரிய கண்களின் வேலை தொடங்கும்.

அந்தப் பெரிய கண்ணுக்குள்ளும் ஒரு வியப்பு இருக்கிறது. அதன் விழித்திரை நான்கு அடுக்குகளால் ஆனது. பச்சை ஒளியை உணரும் அடுக்குகள் இரண்டு. அவற்றுள் ஒன்றில் உருவம் தெளிவாக விழும்போது, மற்றதில் அதே உருவம் மங்கலாக விழுகிறது. வீணாக ஓர் அடுக்கை இயற்கை ஏன் வைத்தது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. நம் வீட்டுச் சுவர்களில் காணப்படும் அடன்சன் தாவும் சிலந்தியை வைத்துச் சப்பானிய ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்து 2012-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அச்சிலந்தி அந்த மங்கலின் அளவைக் கொண்டே அறிகிறது. தெளிந்த உருவம் ‘இது என்ன’ என்பதைச் சொல்ல, மங்கிய உருவம் ‘இது எவ்வளவு தொலைவில்’ என்பதைச் சொல்கிறது. சோதனைக்காக ஆய்வாளர்கள் ஒளியை மாற்றினர். சிவப்பு ஒளி வில்லையில் குறைவாக வளைவதனால் மங்கலின் அளவும் மாறிவிடும். பச்சை ஒளியில் இரையின்மீது தவறாமல் பாய்ந்த சிலந்திகள், சிவப்பு ஒளியில் இரை இன்னும் அருகில் இருப்பதாக எண்ணிப் பாய்ந்து, அதனை எட்டாமல் இடைவழியிலேயே விழுந்தன.